அணைத்த பிறகும் தின்கிற கம்ப்யூட்டர்

ஷட் டவுன் செய்த பிறகும் என் மவுஸின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். "அணைச்சுட்டேன்னு சொல்ற, இது என்னடா?" என்று அம்மா கேட்டதில் ஆரம்பித்தது.

நண்பனிடம் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரை இரவல் வாங்கினேன். முதலில் ஆம்பியர் பார்த்தேன்: 0.06. 230 வோல்ட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 14. பகீரென்றது. அப்புறம்தான் உறைத்தது, அது வாட் இல்லை, வோல்ட்-ஆம்பியர். எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி, சும்மா கிடக்கும்போது பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியரில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்ற கணக்கு) படுமோசமாக இருக்கும். மீட்டர் காட்டியது 0.22. உண்மையான வாட் 3.1தான். வீட்டு மீட்டர் கணக்கெடுப்பதும் இதைத்தான். நாள் முழுக்க அணைந்தே கிடந்தால், இரண்டு மாத பில்லில் சுமார் நாலரை யூனிட்.

தின்பது யாரென்றால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஊதா வயரில் எப்போதும் வந்துகொண்டிருக்கும் 5 வோல்ட். பவர் பட்டனை அமுக்கியதும் மதர்போர்டு விழித்துக்கொள்வது அதன் தயவில்தான். யூஎஸ்பிக்கும் அதிலிருந்தே கொஞ்சம் போகிறது.

பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே நுழையும் மதர்போர்டு செட்டிங்ஸ்) இஆர்பி என்றிருந்ததை ஆன் செய்தேன்; அணைத்த பிறகு தின்பதைக் குறைக்கும் செட்டிங் அது. 0.6 வாட்டுக்கு இறங்கியது. இவ்வளவு சின்ன அளவில் இந்த மலிவு மீட்டரை முழுசாக நம்ப மாட்டேன். ஆனால் மவுஸ் விளக்கு அணைந்துவிட்டது. அம்மாவுக்கு அது போதும்.