புறக்கோட்டைக் கடையில் பிஎச்பி 7.4ஐக் கழற்றிய கதை

2024 ஜூன் 6ஆம் திகதி, இணையச் செயலிகளை எழுதப் பயன்படும் பிஎச்பி என்ற நிரல் மொழிக்கு 8.1.29, 8.2.20, 8.3.8 என்று மூன்று பதிப்புகள் வந்தன. அவற்றில் அடைக்கப்பட்ட ஓட்டைகளில் ஒன்றின் பொதுப் பதிவெண் சிவிஇ-2024-4577. விண்டோஸில் பிஎச்பி சிஜிஐ முறையில் (ஒவ்வொரு கோரிக்கைக்கும் வெப் சேவர் பிஎச்பியைத் தனி நிரலாக ஓட்டும் முறை) வெளியே தெரிந்தால், பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமலே ஒருவர் அந்தச் சேவரில் தன் கட்டளைகளை ஓட்டலாம். நான் பார்த்துக்கொள்ளும் புறக்கோட்டை மொத்தக் கடையின் பில், ஸ்டொக் எல்லாம் விண்டோஸில், அப்பாச்சி என்ற வெப் சேவரும் பிஎச்பியும் தரவுத்தளமும் ஒன்றாக வரும் ஸாம்ப் தொகுப்பில்தான் இருந்தன. வெள்ளவத்தைக் கிளையும் இன்டர்நெட் வழியாக அதற்குள்தான் வரும்.

ஓட்டையின் கதை சுவாரசியமானது. கோடு '-' போட்டுத் தொடங்கும் கோரிக்கையை பிஎச்பி தன் கட்டளைத் தெரிவாக எடுத்துக்கொண்ட பிரச்சினை 2012இலேயே வந்து, அடைக்கப்பட்டது. ஆனால் கோட்டைப் போலவே இருக்கும் இன்னொரு எழுத்தை, சில மொழி அமைப்புகளில், விண்டோஸ் தானாகவே சாதாரணக் கோடாக மாற்றிவிடுகிறது. 2012இல் போட்ட காவலோ சாதாரணக் கோட்டை மட்டுமே தேடியதால், இது தப்பி உள்ளே போனது. தாய்வானின் டெவ்கோர் நிறுவனத்து ஆரஞ்ச் சாய் இதைக் கண்டுபிடித்தார். சீன, ஜப்பானிய விண்டோஸில் தாக்குதல் வேலை செய்வது உறுதியாகியிருந்தது.

"எங்கட மெஷின் இங்கிலீஷ்தானே தம்பி, பிறகென்ன?" என்றார் முதலாளி. "மற்ற மொழிகளில் நடக்காதென்று கண்டுபிடிச்சவங்களே சொல்லேல்லை ஐயா" என்றேன். பல இடங்களில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்க்காரர் இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட செய்தியும் வந்திருந்தது. அதைக் கேட்டதும் சரி என்றார்.

அன்றே ஸாம்பின் அப்பாச்சி அமைப்புக் கோப்பில் பிஎச்பி கோப்புறையை வெளியே காட்டும் 'ஸ்கிரிப்ட்அலையஸ்' வரியை முடக்கினேன். அப்பாச்சியை மீண்டும் தொடங்கினால் போதும், பில் போடுவது நிற்காது. சிஜிஐ தேவைப்படாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

பெரிய வேலை அப்புறம்தான். கடையில் ஓடியது 7.4. அதற்கான ஆதரவு 2022 நவம்பர் 28உடன் முடிந்துவிட்டது, எனவே திருத்தமும் கிடையாது. ஸாம்பின் புதிய தொகுப்பிலும் 8.2.12தான் இருந்தது, அதுவும் ஓட்டையுள்ளது. ஆகவே பிஎச்பி தளத்திலிருந்து 8.3.8ஐத் தனியாக இறக்கினேன். 'த்ரெட் சேஃப்' என்ற தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும்; மற்றதில் பிஎச்பியை அப்பாச்சியோடு இணைக்கும் டிஎல்எல் கோப்பு வராது. அமைப்புக் கோப்பில் 'பிஎச்பி7_மொட்யூல்' என்றிருப்பது 8இல் வெறும் 'பிஎச்பி_மொட்யூல்'. படங்களைக் கையாளும் 'ஜிடி2' என்ற நீட்சியும் 'ஜிடி' ஆகிவிட்டது.

பழைய நிரலை வேறொரு மெஷினில் ஓட்டிப் பார்த்தபோது, நிரலில் எங்கோ கிடந்த 'கிரியேட்_ஃபங்ஷன்', 8இல் நீக்கப்பட்ட கட்டளை என்பதால், உடனே பிழை காட்டிக் கத்தியது. அப்படிக் கத்தும் பிழைகள் நல்லவை. சத்தமில்லாத ஒன்றுதான் நேரத்தைத் தின்றது. கழிவு இல்லாத பில்லில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். 7இல் வெற்றுச் சரமும் (எழுத்தே இல்லாத மதிப்பு) பூச்சியமும் சமம், 8இல் சமமில்லை. கழிவே கொடுக்காத பில்களிலும் கழிவுக்கான வரிசை அச்சாகத் தொடங்கியது. இரட்டைச் சமக்குறி (==) போட்டு ஒப்பிட்ட இடங்களையெல்லாம் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

பொசன் போயாவன்று கடை பூட்டியிருந்தபோது மாற்றினேன். பழைய ஸாம்ப் கோப்புறையையும் தரவுத்தளப் பிரதியையும் தனி டிரைவில் வைத்துவிட்டே தொடங்கினேன். அத்தோடு ரௌட்டரில் வெளியிலிருந்து வரத் திறந்திருந்த போர்ட்டையும் மூடிவிட்டேன். இப்போது வெள்ளவத்தைக்காரர் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பைப் போட்டுத்தான் உள்ளே வர வேண்டும். காலையில் கடை திறக்கும் அவசரத்தில் இதென்ன தொல்லை என்று இன்னும் திட்டுகிறார்கள்.