ஜூடி சில் குறுந்தகடுகளை வாங்க நினைப்பவர்களுக்கு

ஜூடி சில்லின் பாடல் தொகுப்புகளை மறுவெளியீட்டுக் குறுந்தகடாக வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன்பே எந்தப் பதிப்பு வருகிறது என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். விற்பனைக் குறிப்பில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பொட்டலத்தில் வேறொன்றை வைத்து அனுப்பும் வியாபாரி ஒருவரிடம் நான் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜூடி சில் தாமே எழுதி, தாமே இசையமைத்துப் பாடியவர். டேவிட் கெஃபனின் அசைலம் இசைத்தட்டு நிறுவனம் 1971-இல் வெளியிட்ட முதல் தொகுப்பே இவருடையதுதான். 1973-இல் வந்த 'ஹார்ட் ஃபுட்' தொகுப்புக்கு வாத்தியக்குழுவின் இசைக்கோர்ப்பையும் அவரே எழுதினார். இரண்டுமே விற்கவில்லை, 1979-இல், 35 வயதில், அவர் காலமானார். பழைய இசைத்தட்டுகளை மறுவெளியீடு செய்யும் ரைனோ ஹேண்ட்மேட் நிறுவனம் 2003-இல் இரண்டு தொகுப்புகளையும் தனித்தனியாகக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டது. 2006-இல் இரண்டும் சேர்ந்து 'அப்ரகடாப்ரா' என்ற பெயரில் இரட்டைக் குறுந்தகடாக வந்தன. எனக்கு வேண்டியிருந்தது இந்த 2006 பதிப்பு.

வந்த பொட்டலத்தில் அட்டையும் உள்ளே இருந்த சிறுநூலும் அசலைப் போலவே இருந்தன. தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. தொழிற்சாலையில் அச்சாகும் தகட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் வெள்ளிப் பளபளப்பு அதில் இல்லை. ஊதா கலந்த பச்சை நிறம் இருந்தது. நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டிய தொகுப்பு எண்ணையும் காணோம். யாரோ கணினியில் நகலெடுத்த தகட்டை அசல் விலைக்கு விற்றிருக்கிறார்கள். பாட்டு ஒன்றுதானே, எதில் கேட்டால் என்ன என்று அந்த வியாபாரி பதில் எழுதினார். வளையத்தை நெருக்கத்தில் படமெடுத்து விற்பனைத் தளத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பிய பிறகே பணம் திரும்பியது. நான் கட்டிய சுங்க வரி போனது போனதுதான்.

வேறொருவரிடம் மறுபடி வாங்கினேன். இவர் கேட்டவுடனேயே இரண்டு தகடுகளின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினார். ஆனால் இந்த முறை பொட்டலம் சுங்கச் சோதனையில் நின்றுவிட்டது. விற்பவரின் முத்திரையிட்ட ரசீது வேண்டும் என்றார் முகப்பில் இருந்த எழுத்தர். தன் வீட்டு அலமாரியிலிருந்து பழைய தகட்டை விற்கும் தனிமனிதரிடம் முத்திரை எங்கிருந்து வரும் என்று கேட்டால், அவர் அடுத்தவரின் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அன்று வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருந்தது. மறுமுறை போனபோது விற்பனைப் பக்கத்தின் அச்சுப்படி, அட்டையில் பணம் கட்டியதற்கான வங்கிக் கணக்குத் தாள், அடையாள அட்டையின் நகல் ஆகிய மூன்றையும் பின்னடித்து, முகப்பில் நிற்காமல் நேராக மேலதிகாரியிடமே நீட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இந்த மூன்று தாள்களும் கையில் இல்லாமல் யாரும் போக வேண்டாம். பொட்டலத்தின் மேல் வெறுமனே 'அன்பளிப்பு' என்று எழுதாமல் 'இசைக் குறுந்தகடு, பழையது' என்று விலையோடு எழுதச் சொல்லி விற்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்வதும் நல்லது.

குறுந்தகட்டை ஓட்டும் கருவிக்காக அலைந்ததைத் தனியே சொல்ல வேண்டியதில்லை; கணினியோடு இணைக்கும் வெளி டிரைவ் ஒன்று போதும்.

இத்தனை அலைச்சலுக்கும் நியாயம் செய்தது 'ஹார்ட் ஃபுட்' தொகுப்பின் கடைசிப் பாட்டான 'தி டோனர்'. ஜூடி தம் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து, 'கீரியே எலெய்சோன்' என்ற பழைய கிரேக்க வழிபாட்டு வரியைத் தேவாலயப் பாடகர் குழு பாடுவதுபோல் எழுப்பியிருப்பார். தரம் குறைந்த கோப்புகளில் இத்தனை காலம் கேட்டுவந்த எனக்கு அந்தக் குரல்கள் ஒன்றாகக் குழைந்துதான் கேட்டன. இப்போது கீழ்க்குரல் தனியாக இறங்குவதும், மேல்குரல் அதைத் தாண்டி ஏறுவதும், நடுவில் முரசு விழும் இடமும் துல்லியமாகப் பிரிந்து கேட்கின்றன. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், கிரேக்கக் கணித மேதை பித்தாகரஸ், அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் என்று தம்மைப் பாதித்தவர்களை ஜூடி சொல்வதுண்டு. பெண்களுக்கான சீர்திருத்தப் பள்ளியில் தேவாலய ஆர்கன் வாசித்துப் பழகியவர் அவர். அந்தப் பின்புலம் முழுவதும் எனக்கு இந்த ஒரு பாட்டில்தான் புலப்பட்டது. இணைப்பாக வரும் மேடைப் பதிவுகளையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, 1974-இல் பதிவாகி முடிவடையாமல் கிடந்து, அமெரிக்க இசைக்கலைஞர் ஜிம் ஓ'ரூர்க்கின் ஒலிக்கலவையில் 2005-இல் வெளிவந்த 'ட்ரீம்ஸ் கம் ட்ரூ' தொகுப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒருவரிடம் இருக்கிறது. தகட்டின் அடிப்பக்கப் படத்தைக் கேட்டிருக்கிறேன். அது வந்த பிறகுதான் பணம் அனுப்புவேன்.