கொர்போ

மார்ச் 3
அப்பா இன்னும் கண் திறக்கவில்லை.

மார்ச் 4
ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பிரெஞ்சு நாடகாசிரியர் ஆன்ரி பெக்கின் 'லே கொர்போ' நாடகத்தின் முதல் அங்கத்தை மீண்டும் படித்தேன். வீடு நிறைய விருந்துக்கான ஏற்பாடு, மகளின் நிச்சயம், பியானோ. குடும்பத் தலைவர் விஞெரோன் சிரித்துவிட்டு வெளியே போகிறார். அங்கம் முடிவதற்குள் அவர் இறந்துவிட்டதாக மருத்துவர் வந்து சொல்கிறார். இந்த அங்கத்தை நான் போன வருடமே மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். அப்போது கை நடுங்கவில்லை.

மார்ச் 7
தலைப்புதான் தொல்லை. 'லே கொர்போ'. அகராதி காக்கைகள் என்கிறது. பாரிஸ்காரர்களுக்கு அது பிணத்தின்மேல் இறங்கும் பறவை. நமக்கோ காக்கை கூப்பிட்டுப் பகிர்ந்து உண்பது. அமாவாசைக்குச் சோறு வைத்துக் காத்திருக்கிறோம். கணவன் செத்த வீட்டில் பங்குதாரரும் நோட்டரியும் கட்டடக் கலைஞரும் ஒவ்வொரு கணக்காக நீட்டி நிலத்தைக் கொத்துவதற்கு அந்தப் பெயரா? 'கழுகுகள்' என்றால் கம்பீரம் வந்துவிடுகிறது. 'பிணந்தின்னிகள்' என்றால் பெக் வாயே திறக்காமல் இருந்த இடத்தில் நான் கத்துகிறேன்.

மார்ச் 8
ஜன்னலில் காகம். யாரோ வரப்போகிறார்கள் என்றாள் அம்மா. மாலையில் சித்தப்பா வந்தார், பழத்தோடு.

மார்ச் 11
தூக்கமில்லை. முன்னுரைக்குக் குறிப்பு எழுதினேன். பெக் 1837இல் பாரிஸில் பிறந்தவர். ரயில்வே அலுவலகம், பங்குச் சந்தை, பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் என்று பிழைப்பு. 1870இல் 'மிஷேல் போப்பே' நாடகத்தைச் சொந்தச் செலவில் மேடையேற்றினார். அடுத்த மாதமே பிரஷ்யாவோடு போர். மனிதருக்கு நேரம் என்பதே சரியாக அமையவில்லை. 'லே கொர்போ'வை எழுதி முடித்த பிறகு அரங்கு அரங்காகச் சுமந்து திரிந்தார். பாரிஸின் கொமெடி பிரான்சேஸ் அரங்கு 1882 செப்டம்பரில் ஒருவழியாக மேடையேற்றியது. சுமார் ஐந்து வருடக் காத்திருப்பு.

எனக்கு ஒன்பதாவது நாள்.

மார்ச் 12
சித்தப்பா அச்சகத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்கிறார். இப்போதா?

மார்ச் 14
இன்று கொஞ்சம் சிரித்தேன். பெக்கின் இன்னொரு நாடகம் 'லா பாரிசியென்', 1885. ஒருவன் ஒரு பெண்ணைக் கடிதத்தைக் காட்டச் சொல்லி மிரட்டுகிறான், சந்தேகப்படுகிறான், உபதேசம் செய்கிறான். கணவன்தான் என்று நாம் நிச்சயமாக நம்பியிருக்கும்போது அவள் சொல்கிறாள்: ஜாக்கிரதை, என் கணவர் வருகிறார். அம்மாவுக்குச் சொன்னேன். "சீ" என்றாள். பிறகு அவளும் சிரித்தாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவை.

மார்ச் 15
அப்பாவுக்கு மறுபடி காய்ச்சல்.

மார்ச் 17
'லே கொர்போ'வின் கடைசி வசனத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். குடும்பம் பிழைக்க வேண்டும் என்று விஞெரோனின் இன்னொரு மகள் மரி, அந்தப் பங்குதாரக் கிழவன் தெய்சியேவைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள். உங்கள் அப்பா போனதிலிருந்து உங்களைச் சுற்றி அயோக்கியர்கள்தான் என்று அவனே அவளிடம் சொல்கிறான். முதல் அயோக்கியன் அவன். அந்த வாக்கியத்தின் நடுவில் 'மோன் ஆன்ஃபான்', அதாவது 'என் குழந்தையே' என்று ஒரு விளி. 'குழந்தாய்' புராணப் படத்தில் முனிவர் பேசுவதுபோல் இருக்கிறது. 'மகளே' என்றால் ஆபாசம் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. அவன் அன்பாகத்தான் பேசுகிறான், பயங்கரமே அதுதான்.

மார்ச் 18
கடைசியில் பெக் வறுமையில்தான் இருந்தார். புகைத்தபடியே தூங்கிப்போய் அறையில் தீ. 1899 மே மாதம் இறந்தார். 'லே பொலிஷினெல்' நாடகம் முடியாமலே கிடந்தது. அவரைச் செதுக்கியவர் சிற்பி ரொதேன். சிலைக்கு மட்டும் குறைவில்லை.

மார்ச் 19
சித்தப்பா தேநீர் வாங்கிவந்து கையில் கொடுத்தார். தலையைத் தடவினார். "அம்மாடி, அந்தப் பத்திரம் அப்பா பீரோவில்தானே இருக்கிறது?"

மார்ச் 20
'அம்மாடி' என்றே எழுதிவிட்டேன். தலைப்பு இன்னும் இல்லை.

மார்ச் 21
விடிகாலை நான்கரைக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவை எழுப்ப வேண்டும்.