இருபது பெயர்கள்: ஒரு திவால் மனுவின் நாட்குறிப்பு

நவம்பர் 3, 2025, திங்கள்

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தோம். ஐ.பி., அதாவது திவால் மனு, போடுவது என்று முடிவாகிவிட்டது. ஊரில் மஞ்சள் கடிதம் கொடுப்பது என்பார்களே, அதுதான். திருப்பூரில் அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஒருவர் மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டார் என்றால் அதற்குப் பிறகு அவர் முகத்தை யாரும் நேராகப் பார்ப்பதில்லை.

2018இல் நான்கு ஓவர்லாக், இரண்டு ஃபிளாட்லாக் தையல் மெஷின்களோடு, கம்பெனி கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் தொடங்கினோம். 2020 ஊரடங்கில் ஒரு அடி, 2022இல் நூல் விலை ஏறியபோது இன்னொரு அடி. இரண்டையும் கடன் வாங்கியே தாண்டினோம். இந்த ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எங்களுக்குத் துணி கொடுத்த கம்பெனி கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. செப்டம்பரில் கடைசி மூட்டையைத் தைத்து அனுப்பினோம்.

எங்களைப் போன்றவர்களுக்கு இன்னமும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான் என்றார் வக்கீல் அம்மா. தமிழ்நாட்டில் சென்னை நகரத்துக்கு மட்டும் 1909ஆம் ஆண்டுச் சட்டம். 2016இல் வந்த புதிய சட்டத்தில் தனிநபர் திவால் பற்றிய பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லையாம். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் மனுப் போடலாம் என்ற வரி அப்படியே இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் 500 ரூபாய்க் கடனில் ஒரு குடும்பம் மூழ்கியிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

நவம்பர் 5, புதன்

கணவன் மனைவி என்பதால் ஒரே மனு போதும் என்று நினைத்திருந்தேன். அவரவர் கையெழுத்துப் போட்ட கடன் அவரவருடையது, தனித்தனியாக இரண்டு மனு தயாரிப்போம் என்று சொல்லிவிட்டார் வக்கீல். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டது இரண்டிலும் வர வேண்டும்.

இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு கட்டிங் டேபிளில் காகிதங்களைப் பரப்பினோம். வங்கிக் கடிதம், நகைக்கடன் சீட்டு, மகளிர் குழுவின் இரண்டு பாஸ்புக், ஏலச்சீட்டு நோட்டு. எல்லாம் எடுத்தாயிற்று என்று நான் பேனாவைத் திறந்தபோது அவர் எழுந்து போய் மூலையில் இருந்த ஓவர்லாக் மெஷினின் உறையைத் தூக்கினார். அடியில் ஒரு பழுப்புக் கவர், எண்ணெய்க் கறையோடு. ஜூன் மாதம் வந்த வக்கீல் நோட்டீஸ். இரண்டு லட்சத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த புரோநோட்டு. வட்டி கட்ட முடியாமல் நின்றிருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது.

கோபம் வந்தது. ஆனால் என் கைபேசியிலும் 31,000 ரூபாய் கிடந்தது. பெரியவளின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு செயலியில் வாங்கியது. அதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் நோட்டீஸைப் படிக்க, நான் எழுதிக்கொண்டேன்.

அவருக்கு 14 பெயர், எனக்கு 9. இரண்டிலும் வருவது 3. ஆக இருபது பேர். கூட்டினால் 23,46,500 ரூபாய்.

நவம்பர் 9, ஞாயிறு

சொத்துப் பட்டியல். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, என்ன மதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். இவற்றைக் கோர்ட் வசம் ஒப்படைக்கச் சம்மதம் என்ற வரியும் மனுவிலேயே வருகிறது. மெஷின்கள் வங்கிக் கடனுக்கு ஈடு. அடமானம் வைத்திருப்பவருக்கு அந்தப் பொருளின் மீது உள்ள உரிமையைத் திவால் ஒன்றும் செய்யாது. அடகில் இருக்கும் நகைகளும் அப்படியே. ஸ்கூட்டர், பீரோ, டிவி, வங்கிக் கணக்கில் 1,140 ரூபாய்.

பாத்திரங்களை எழுதும்போது கை ஓடவில்லை. அம்மா சீராகக் கொடுத்த இட்லிக் குண்டானுக்கு என்ன விலை போடுவது? மறுநாள் வக்கீலிடம் கேட்கலாம் என்று விட்டுவைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை ஆகியவற்றை எடுக்க முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவைக் காட்டினார் வக்கீல். கைத்தொழில் செய்பவரின் கருவிகளையும் எடுக்க முடியாது. நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கும், காலால் மிதிக்கும் தையல் மெஷின் அதில் அடங்கும் என்று எழுதப்போகிறார். மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையும் அதே பிரிவில் இருக்கிறது. "தாலியை யாரும் கேட்க மாட்டார்கள், பயப்படாதீர்கள்" என்றார். நான் கேட்கவே இல்லை. ஒரு வாரமாக என் கை கழுத்திலேயே இருந்ததைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

நவம்பர் 12, புதன்

இன்று மனம் சரியில்லை. செக்கிங் அக்காவைப் பற்றிய பேச்சு வந்தது.

எங்களிடம் ஐந்து வருடம், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்த்தவர். 2022இல் கூலி கொடுக்கப் பணமில்லாமல் நின்றபோது, தன் பேத்திக்காகச் சேர்த்த 45,000 ரூபாயைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். புரோநோட்டு கிடையாது, சாட்சி கிடையாது. ஸ்கூட்டரை விற்று அவருக்குக் கொடுத்துவிட்டு மனுப் போடுவோம் என்றார் இவர். எனக்கும் அதுதான் ஆசை.

கூடவே கூடாது என்றார் வக்கீல். மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்து அடைத்து, மூன்று மாதத்துக்குள் மனுப் போட்டால் அந்தக் கொடுக்கல் செல்லாது. திவாலானவரின் சொத்தைக் கவனிக்கக் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் அந்தப் பணத்தை அக்காவிடமிருந்தே திரும்ப வாங்க முடியும். சரி, பெயரையாவது பட்டியலில் விட்டுவிடலாமே, கோர்ட் நோட்டீஸ் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாமே என்று கேட்டேன். தெரிந்தே விட்டால் அது பொய்ச் சத்தியம் என்றார். இன்னொன்றும் சொன்னார்: பட்டியலில் இல்லாதவருக்கு நோட்டீஸ் போகாது, நோட்டீஸ் போகாவிட்டால் வரும் பணத்தில் பங்கு கேட்கவும் அவருக்குத் தெரியாது. பெயரை எழுதுவதுதான் அவருக்கு நாம் செய்யும் நியாயம்.

புத்திக்குப் புரிந்தது. ஆனால் வட்டிக்குவிட்டவரும் அந்த அக்காவும் ஒரே பட்டியலில், ஒரே மாதிரிக் கட்டத்தில் வருவதை என்னால் தாங்க முடியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நோட்டீஸ் போவதற்கு முன் நேரில் சொல்லிவிடுவது என்று இருவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். "வா கண்ணு" என்று வழக்கம் போலக் கூப்பிட்டார். அவர் தண்ணீர் கொண்டுவரும் வரைகூடப் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது. "என் பெயரைக் கோர்ட்டில் கொண்டுபோய் எழுதுவாயா? நான் உன்னிடம் கேட்டேனா?" என்றார். பேத்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இவர் தலை குனிந்தபடியே நின்றார். எழுதாமல் விட்டால் உங்களுக்கு ஒன்றுமே வராமல் போய்விடும் அக்கா என்றேன். எழுதினால் எவ்வளவு வரும் என்று கேட்டார். ரூபாய்க்குச் சில பைசாக்கள் வரலாம், வராமலும் போகலாம் என்று உள்ளதைச் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து என் கையில் இருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பழைய காலண்டரை எடுத்து ஆடி மாதத் தாளைத் திருப்பினார். "45,000 இல்லை. போன ஆடியில் நீ ஆயிரம் கொடுத்தாய். இங்கே எழுதியிருக்கிறேன் பார்."

நான் மறந்தே போயிருந்தேன்.

கதவிலக்கமும் மாறிவிட்டதாம். அதையும் சொல்லித் திருத்தச் சொன்னார். வரும்போது வாசல் வரை வரவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

வசூலுக்கு வருபவர் காலையில் வந்து வாசலில் சத்தம் போட்டார். மனுப் போட்ட உடனே இதெல்லாம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கோர்ட் எங்களைத் திவாலானவர்கள் என்று தீர்ப்பளித்த பிறகுதான் கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டின் அனுமதியில்லாமல் வழக்குப் போடுவது நிற்கும். அதுவரை பொறுமைதான். வாசலில் வந்து மிரட்டினால் போலீசில் புகார் கொடுங்கள் என்கிறார் வக்கீல்.

என் தம்பி போட்ட ஜாமீனைப் பற்றியும் கேட்டுவிட்டேன். எங்களுக்குக் கடனிலிருந்து விடுவிப்பு கிடைத்தாலும் ஜாமீன்தாரருக்குக் கிடைக்காது. அவனுக்குப் போன் செய்து சொன்னேன். "தெரியும் அக்கா" என்று மட்டும் சொன்னான்.

நவம்பர் 24, திங்கள்

சார்பு நீதிமன்றத்தில் இரண்டு மனுக்களும் தாக்கல். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, கடைசியில் உண்மை என்று உறுதிமொழி. இனிக் கோர்ட் அனுமதியில்லாமல் மனுவைத் திரும்பப் பெறவும் முடியாது. திவால் தீர்ப்பு வந்த பிறகு, விடுவிப்பு கிடைக்கும் வரை, திவாலானவர் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் அதுவே குற்றம். மளிகைக் கடை நோட்டை நேற்றே அடைத்து மூடிவிட்டேன். 212 ரூபாய் இருந்தது. அதை அடைத்ததையும் வக்கீலிடம் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

மனு திரும்பி வந்துவிட்டது. மூன்று பேருடைய முகவரியில் பின்கோடு இல்லை, ஒரு தொகை எழுத்தில் ஒன்றும் எண்ணில் ஒன்றுமாக இருக்கிறது. பயந்துவிட்டேன். இது வழக்கமானதுதான், திருத்திக் கொடுத்தால் எண் போடுவார்கள் என்றார் குமாஸ்தா. இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து திருத்தினோம். இந்த முறை என் கணவர் சொல்லச் சொல்ல நான் எழுதவில்லை, நான் சொல்ல அவர் எழுதினார்.

டிசம்பர் 10, புதன்

எண் விழுந்துவிட்டது. கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பும் செலவான பேட்டாவைக் கட்டி, கவர்களில் முகவரி எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு மனுவுக்கும் சேர்த்து 23 கவர். வெள்ளைக் கவர்தான். மஞ்சள் கவரை எங்கும் பார்க்கவில்லை.

குமாஸ்தா எழுதித் தருகிறேன் என்றார். நானே எழுதினேன். செக்கிங் அக்காவின் கவரைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். புதிய கதவிலக்கம், தெரு, பின்கோடு எல்லாம் எழுதி, பட்டியலில் 44,000 என்று இருக்கிறதா என்று மறுபடியும் ஒரு முறை பார்த்துவிட்டு ஒட்டினேன்.