யாரோ சொல்லி வந்தவர்கள்

நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் போடுவது, கணக்கு எழுதுவது போன்ற வேலைகளை வெளியிலிருந்து செய்துகொடுக்கும் தொழிலை ஒரு நடுத்தர நகரத்தில் ஆரம்பித்தேன். விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணம் செலவாகவே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் யாரோ சொல்லி வந்தவர்கள். அந்த 'யாரோ' என் நெருங்கிய நண்பர்கள்கூட இல்லை. எப்போதாவது பார்க்கும் ஆடிட்டர், பழைய அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் சப்ளை செய்தவர், இப்படி. வேலை தேடியவர்களைப் பற்றி அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதியதும் இதைத்தான்: தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் இல்லை. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவர்கள்தானே.

அறிமுகத்தோடு "நம்ம ஆளு, பார்த்துப் போட்டுக்குங்க" என்பதும் சேர்ந்தே வரும். ஒருவருக்கு விலையைக் குறைத்தால் அது அடுத்தவர் காதுக்குப் போய்விடும். அதனால் விலையை விட்டுவிட்டு வேலையைக் குறைத்துக் காட்டுவேன்: சம்பளம் மட்டும் போதுமா, பி.எஃப். கணக்கும் வேண்டுமா? பாக்கி கேட்டு போன் செய்வதை அலுவலகத்தில் இருப்பவரிடம் விட்டுவிட்டேன். அறிமுகம் செய்தவர்வரை அதைக் கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

இதெல்லாம் சின்ன விஷயம். ஒரே ஊரில் ஒரே தொழில் செய்யும் இரண்டு பேரின் சம்பளப் பட்டியலும் நம் மேஜைக்கு வருவதுதான் உண்மையான சிக்கல். முதலாளி ஒருவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "அங்கே ப்ரொடக்‌ஷன் மேனேஜருக்கு என்ன கொடுக்கிறாங்க? சும்மா ஒரு ஐடியாவுக்குத்தான் சார்." "அதைச் சொன்னா உங்க கணக்கையும் அங்கே சொல்லுவேன் சார்" என்றேன். சிரித்தார். சோதித்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. அதுவரை தன்னிடமே வைத்திருந்த குடும்பத்தார் சம்பள விவரத்தை அடுத்த மாதம் அனுப்பிவைத்தார்.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். போட்டியாளர்களின் கோப்புகளை ஒரே ஆள் பார்ப்பதில்லை, பாஸ்வேர்டும் தனித்தனி. கோப்பின் மேல் நிறுவனப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆள் குறைவாக இருக்கும்போது இது பெரிய தலைவலி. ஒருவர் லீவு போட்டால் நானே உட்கார வேண்டியதுதான். ஒப்பந்தத்துக்கு முன்பே, "உங்கள் தொழிலில் இன்னொருவரும் எங்களிடம் இருக்கிறார்" என்று பெயர் சொல்லாமல் சொல்லிவிடுவேன். கேட்டதும் எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் பிறகு தன் மைத்துனரை அனுப்பிவைத்தார்.