ஆறரை வருஷம் வானத்துலயே

கழுத்து இன்னும் வலிக்குது. வாஷிங்டன் ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியத்துல கூரையில தொங்குற டிசி-3 விமானத்தை அவ்ளோ நேரம் அண்ணாந்து பாத்துட்டு நின்னேன்.

ரெண்டு ப்ரொப்பல்லர். ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ்ல 1937ல சேர்ந்தது.

பறந்த நேரம் 56,700 மணிக்கு மேல!

போனை எடுத்து வகுத்துப் பாத்தேன், கிட்டத்தட்ட ஆறரை வருஷம் வருது, சர்வீஸே மொத்தம் 15 வருஷம்தான், அதுல ஆறரை வருஷம் தரையில கால் படாம வானத்துலயே இருந்திருக்கு.

1952 அக்டோபர் 12, சான் சால்வடார்ல இருந்து மியாமிக்கு கடைசி ட்ரிப்.

ஒவ்வொரு தடவை இறங்கினப்பவும் யாரோ ஒரு மெக்கானிக் இன்ஜினைத் திறந்து பாத்து, துடைச்சு, சரி போன்னு அனுப்பியிருப்பார்ல. அந்தக் கைகளைத்தான் ரொம்ப நேரமா நினைச்சுட்டு இருக்கேன்.