அந்த 1,360-க்குத் தாள் எங்கே?

ஃபைலை மூடியாகிவிட்டது, கோபம் மட்டும் இன்னும் தணியவில்லை. அமெரிக்காவில் ஒரு மாநில அரசின் பைப்லைன் பாதுகாப்புப் பிரிவில் அனலிஸ்ட்டாக இருக்கிறேன். 1,360 என்ற ஒரே ஒரு எண்ணுக்கு ஆதாரமான தாளை ஒரு எரிவாயு நிறுவனத்திடமிருந்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

12 அங்குல எரிவாயுக் குழாய், 900 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தில் ஓடுகிறது. புதைத்த காலத்தில் அங்கே சோளக்காடு, இப்போது வரிசையாக வீடுகள். குழாயின் இரு பக்கமும் 220 கெஜம், நீளவாக்கில் ஒரு மைல் என்று கட்டம் போட்டு, உள்ளே 46 குடியிருப்புகள் வந்துவிட்டால், குடியிருப்பு நெருக்கத்தை வைத்துப் பிரிக்கும் வகுப்புகளில் அது மூன்றாம் வகுப்பு. வான்படத்தை வைத்து எண்ணினோம், தாண்டியிருந்தது. அதில் தகராறு இல்லை. வகுப்பு மாறினால் 24 மாதத்துக்குள் இப்போதைய அழுத்தம் தகும் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது புதிதாகச் சோதிக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. பழைய சோதனையைக் காட்டி 900-ஐத் தக்கவைக்க வேண்டுமானால், அந்தத் துண்டைக் குறைந்தது 8 மணி நேரம் அழுத்தம் ஏற்றிச் சோதித்திருக்க வேண்டும். சோதனை அழுத்தத்தில் 0.667 பங்குக்கு மேல் ஓட்டக் கூடாது. கணக்குப் போட்டால் சோதனை 1,350 பிஎஸ்ஐக்குக் குறையாமல் நடந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் ஸ்ப்ரெட்ஷீட்டில் 1,360 என்று இருந்தது. இதுவே போதும் என்றார்கள்.

போதாது. 2010 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் சான் புரூனோவில் 30 அங்குலக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. அந்தத் துண்டு நீளவாக்கில் இணைப்பே இல்லாத குழாய் என்று கணினியில் பதிவாகியிருந்தது. மண்ணிலிருந்து எடுத்துப் பார்த்தால் நீளவாக்கில் வெல்டு செய்த குழாய், அந்த வெல்டும் அரைகுறை. 1956-இல் புதைத்தபோது அழுத்தச் சோதனை செய்ததற்குத் தாளும் இல்லை. அதற்குப் பிறகுதான் எந்தத் துண்டு என்று தெரிய வேண்டும், சரிபார்க்க முடிய வேண்டும், முழுமையாக இருக்க வேண்டும் என்று ஆவணங்களை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கினார்கள். யாரோ எப்போதோ தட்டச்சு செய்த எண்ணை நம்பி, குழந்தைகள் தூங்கும் வீடுகளுக்குப் பக்கத்தில் 900 பிஎஸ்ஐ ஓட்டலாம் என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது.

மூலத்தைக் கேட்டேன். சோதனையின்போது கருவி அழுத்தத்தைக் கோடாக வரைந்த வட்டச் சார்ட்டின் ஸ்கேன் வந்தது. ஸ்டேஷன் எண், அதாவது குழாய்ப் பாதையில் இடத்தைக் குறிக்கும் எண், இருக்க வேண்டிய ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை சோதித்தார்கள் என்று தெரியாத சார்ட் எந்தக் குழாய்க்கும் பொருந்தும். ஒரிஜினல் வட்டார அலுவலகத்தில் இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று போனில் சொன்னார்கள். அரை நாள் வண்டி ஓட்டிப் போனேன். பெட்டிகளையெல்லாம் வெளிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டோம் என்றார் ஆவண அறை ஊழியர். சரி, பெட்டி எண்ணையாவது சொல்லுங்கள் என்றால், நிறுவன ஊழியர்களுக்கு மட்டும்தான் சொல்ல முடியும் என்கிறார். ஆய்வுக்கு ஆவணம் காட்டுவது சட்டப்படி அவர்கள் கடமை. அதைச் சொன்னதும் வக்கீலிடம் பேசுங்கள் என்று திரும்பிக்கொண்டார். வெறுங்கையோடு வீடு வந்தேன்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம் இது: போனில் வரும் வாக்குறுதியை நம்பிக் கிளம்புவதே இல்லை. பெட்டி எண், இருக்கும் இடம், பொறுப்பானவர் பெயர் மூன்றையும் எழுத்தில் கேட்டு, பதில் தேதியையும் குறித்து அனுப்புகிறேன். ஸ்கேன் என்றால் தாளின் நான்கு ஓரமும் தெரிய வேண்டும் என்று தனி வரியாகவே எழுதிவிடுங்கள்.

எழுத்தில் கேட்டதும் இன்னொரு சார்ட் வந்தது. அதில் குழாய்ச் சுவரின் தடிமன் 0.312 அங்குலம். நம் துண்டு 0.250. வேறு குழாயின் சார்ட்டை நம்முடையது என்று அனுப்பியிருக்கிறார்கள். வேண்டுமென்று செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே ஒருவர்கூட அதைத் திறந்து படிக்கவில்லை.

வழி திறந்தது வேறு ஒரு ஆய்வில். வால்வுகளைப் பார்க்கப் போன இடத்தில் உடன் வந்த மூத்த டெக்னீஷியனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டுமானக் காலத்து நோட்டுகள் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் ஸ்டேஷன் அலமாரியில் கிடக்கின்றன, தலைமை அலுவலகம் கேட்டதே இல்லை என்றார். போய்ப் பார்த்தோம். அரை மணிக்கு ஒரு முறை அழுத்தம், வெப்பநிலை, இரு முனைக்கும் ஸ்டேஷன் எண், சோதித்தவர் கையெழுத்து எல்லாமே பென்சிலில் தெளிவாக இருந்தன. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமில்லை. கள ஆட்களோடு மரியாதையாக நின்று பேசுங்கள், ஆவண அறைக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

1,360 உண்மைதான். ஆனால் அழுத்தம் காட்டும் அளவி வைத்திருந்தது ஓடைப் படுகையில். துண்டின் உச்சி அதைவிட 50 அடி உயரம். சோதனைக்காகக் குழாயில் நிரப்பியிருந்த தண்ணீர் ஒரு அடி ஏறினால் 0.433 பிஎஸ்ஐ குறையும். ஆக மேட்டில் இருந்த குழாய் தாங்கிக் காட்டியது 1,338 மட்டுமே. அதில் 0.667 பங்கு 892. வெறும் 8 பிஎஸ்ஐக்காக இவ்வளவா என்று கூட்டத்தில் கேட்டார்கள். மேட்டில் இருக்கும் வீடுகளுக்குப் பக்கத்தில் அந்த 8-க்குச் சோதனை இல்லை என்றேன். என் மேலதிகாரி உடன் நின்றார். உச்ச அழுத்தத்தை 890 ஆகக் குறைத்து எழுத்தில் கொடுத்தார்கள்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் அடுத்தடுத்த துண்டுகளுக்கும் அதே தேதி, அதே 1,360 இருக்கிறது. அளவி எந்த உயரத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் அடுத்த மாதம் வர வேண்டும்.